தலைக்கட்டு இல்லாத வீடு

எங்கள் ஊர் செபஸ்தியாருக்கு எல்லா வீட்டு வாசலும் தெரியும். போன வருஷம் வரைக்கும் எங்கள் வீட்டு வாசலும் தெரிந்திருந்தது. ஆவணியில் அப்பா செத்தார். அதோடு செபஸ்தியாருக்கு எங்கள் வீடு மறந்துபோய்விட்டது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பாவம். மரத்தில் கட்டிவைத்து உடம்பெல்லாம் அம்பு வாங்கிக்கொண்டு நிற்கிறவர் அவர். தூக்குகிறவன் எங்கே இறக்குகிறானோ அங்கேதானே நிற்க முடியும்?

திருவெறும்பூரில் இறங்கி மினி பஸ் பிடித்தால் எங்கள் ஊர். மே மாதம் கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில்தான் திருவிழா வரும். கடைசி நாள் பகல் சப்பரம். அவருடைய சுரூபத்தை, அதாவது சிலையை, சப்பரத்தில் ஏற்றி, தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக வருவார்கள். ஒவ்வொரு தலைக்கட்டு வாசலிலும் நிற்கும். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆம்பளை. அவன் மாலை போடுவான், அவன் பேரை மைக்கில் சொல்லி அந்த வீட்டுக்காக ஜெபிப்பார்கள். அவன் செத்து, மகனும் இல்லையென்றால் தலைக்கட்டு அற்றுப்போகும். சப்பரம் அந்த வாசலைத் தாண்டிப் போய்விடும். பொம்பளைகளுக்கும் வேலை இல்லாமல் இல்லை. தூக்குகிறவர்களின் கால் சுடாமல் இருக்க ரோட்டில் தண்ணீர் ஊற்றலாம்.

நான் ராயப்பனின் ஒரே மகள், பெலிண்டா. திருச்சி கே.கே. நகரில் தங்கி, பொம்பளைகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அதைப் பற்றி ஊர் பேசியதை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். அப்பா படுக்கையில் விழுந்தபோது அவரைத் தூக்கி, துடைத்து, கழுவிவிட்டது நான். கூரை மாற்றி அம்மாவுக்கு ஒழுகாத வீடு போட்டதும் நான். அந்த வாசலில் செபஸ்தியார் நிற்கவேண்டும், அப்பா பேரைச் சொல்லவேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லை.

கொடியேற்றத்தன்று கமிட்டித் தலைவர் இன்னாசி மாமாவைப் பிடித்தேன். கோயில் பந்தலில் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, எங்க வீட்டுக்கு இன்னும் திருவிழா வரி கேட்டு யாரும் வரலியே?"

"உங்களுக்கு எதுக்கும்மா வரி? ஒத்தப் பொம்பளை இருக்கிற வீடு. ஊரே பார்த்து விட்டுக்குடுத்திருக்கு."

"விட்டுக்குடுக்க வேண்டாம் மாமா. வாங்கிக்குங்க. வந்து வாசல்ல நில்லுங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல? உன் சித்தப்பா மகன் சூசை இருக்கான். அவன் மாலை போடட்டும். வீடும் அவன் தலைக்கட்டோட சேர்ந்துரும். யாருக்கும் சங்கடம் இல்லை பாரு."

"சூசை எங்கப்பாவுக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுத்திருக்கானா மாமா?"

"கோவப்படாதே. நீ கார் ஓட்டுறவ, உனக்குத் தெரியாதா? ரோட்டுக்கு ஒரு ரூல் இருக்குல்ல?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் பந்தற்காலைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டியிருப்பேன். நேரே பங்குச் சாமியாரிடம் போனேன். புதிதாக வந்தவர், பயந்த சுபாவம். ஆனால் நான் அழாமல் கேட்டது அவரை உறுத்தியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பீடத்திலிருந்தே சொன்னார்: "சப்பரம் கோயிலுடையது. இந்த வருஷத்திலிருந்து எல்லா வாசலிலும் நிற்கும். அந்தந்த வீட்டில் இருக்கிறவர்கள் மாலை போடலாம்."

பெஞ்சில் ஒரு சலசலப்பு. இன்னாசி மாமா எழுந்து, "சரிங்க ஃபாதர். நீங்க சொன்னா சரி" என்று உட்கார்ந்துவிட்டார். சண்டைக்கு நிற்பார், கத்துவார் என்று வரிந்துகட்டிக்கொண்டு வந்தவளுக்கு அது சப்பென்று இருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வெற்றி மப்பில் உறைக்கவில்லை.

சப்பரத்துக்கு முதல் நாள் ஸ்ரீரங்கம் சாத்தார வீதிக்குப் போய் மாலை கட்டச் சொன்னேன். பூக்கடை அழகிரி, "எந்தப் பெருமாளுக்குங்க?" என்றார்.

"செபஸ்தியாருக்கு."

"அவருக்குத் துளசி ஆகுமா?"

"வேண்டாங்க. ரோஜாவும் சம்பங்கியும் போடுங்க. நல்லா கனமா இருக்கட்டும். ஊர்ல அத்தனை பேர் கண்ணும் அதுமேலதான் இருக்கும்."

"அப்ப தூக்குறவன் கழுத்து ஒடியிற மாதிரி கட்டிர்றேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்கு எல்லாமே சிரிப்பாக இருந்தது.

வீட்டில் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மாலையை ஈரத்துணியில் சுற்றி வைத்தாள். புதுப்புடவையை எடுத்துக் கொடுத்தேன், மடியில் வைத்துக்கொண்டு தடவிக்கொண்டே இருந்தாள். "நாளைக்கு நீயும் நானும் சேர்ந்து போடுவோம்மா" என்றேன். "பார்ப்போம்" என்றாள். அப்பாவின் நினைப்பு என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் உச்சி வெயிலில் பேண்டு வாத்தியம் எங்கள் தெரு முனையில் திரும்பியது. தெரு முழுக்க ஈரம், தார் வாசனை, வெடிப் புகை. நான் தாம்பாளத்தில் மாலையும் மெழுகுவத்தியும் காணிக்கைக்கு உப்பும் மிளகும் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். சப்பரம் பக்கத்து வீட்டில் நின்றது. கிளம்பியது. எங்கள் வாசலில் நின்றது!

நின்றது. அப்பா, பாருப்பா, நின்னுடுச்சு என்று மனசுக்குள் கத்தினேன்.

அப்போதுதான் சூசையைப் பார்த்தேன். சலவை வேட்டி, பட்டுச் சட்டை, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி எங்கள் படியருகே நின்றிருந்தான். வேடிக்கை பார்க்க வந்தவன் அப்படி உடுத்திக்கொண்டு வரமாட்டான்.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். நான் எடுத்துக் கொடுத்த புடவையைக் கட்டவில்லை. பழைய சேலைதான்.

"குடு" என்று என் தாம்பாளத்திலிருந்து மாலையை எடுத்தாள். அவளே போடப்போகிறாள் என்று வழிவிட்டு ஒதுங்கினேன். ஒதுங்கி வேறு நின்றேன், முட்டாள்!

"சூசை, நீ போடுப்பா" என்றாள் அம்மா.

அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். ஸ்டூல்மேல் ஏறிப் போட்டான். இன்னாசி மாமா மைக்கில், "சூசை தலைக்கட்டு" என்றார். ராயப்பன் என்ற பேர் வரவே இல்லை. சாமியார் என்னைப் பார்த்தார். வீட்டில் இருக்கிறவர்கள் கொடுத்த மாலை, வீட்டில் இருக்கிறவர்களின் விருப்பம். அவர் என்ன சொல்ல முடியும்? பேண்டு ஆரம்பித்தது. சப்பரம் அடுத்த வாசலுக்குப் போனது.

நான் அம்மாவை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏம்மா இப்படிப் பண்ணே? சப்பரம் நின்னுச்சில்ல? ஃபாதரே சொல்லிட்டாருல்ல?"

"ஃபாதரு மூணு வருஷத்துல மாறிப் போயிடுவாரு."

"இன்னாசி மாமா மிரட்டினாரா?"

"மிரட்டலை. ரெண்டு நாளைக்கு முன்னாடி வந்தாரு. காப்பி குடிச்சாரு. நாளைக்கு உங்க அடக்கத்துக்கு யாரு முன்னால நிப்பாங்கன்னு மட்டும் கேட்டுட்டுப் போனாரு."

"நான் நிப்பேன்மா! நான் தூக்குறேன் உன்னை. அப்பாவைத் தூக்கலையா?"

அம்மா என் கன்னத்தைத் தொட்டாள். கையில் இன்னும் ரோஜா வாசனை இருந்தது. "உயிரோட இருக்கிறவங்களை ஒருத்தி தூக்கிடலாம்டி. பெட்டிக்கு நாலு மூலை இருக்கு. நீ நாளைக்கு பஸ் ஏறிடுவே. நான் இந்தத் தெருவுலதான் சாகணும்."

திட்டவேண்டும்போல் இருந்தது. இன்னாசி மாமாவைத் திட்டலாம், சூசையைத் திட்டலாம், ஊரையே நிற்கவைத்துத் திட்டலாம். எழுபது வயதில் தன் பிணத்துக்குத் தானே ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறவளை என்னவென்று திட்டுவது? நெஞ்சு எரிந்தது. அம்மாவின் மேலும்தான் எரிந்தது, இல்லையென்று பொய் சொல்லமாட்டேன்.

வெளியே வந்தபோது கூடத்தில் சூசையின் மாமனார் வீட்டு ஆட்கள் ஃபேனுக்கு அடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். சூசையின் பெண்டாட்டி என்னைக் காட்டி, "பெலிண்டா அக்கா" என்று சொல்ல, அவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். பிரியாணி அண்டா வாசலில் இறங்கிக்கொண்டிருந்தது.

நான் பையைத் தோளில் மாட்டினேன். சூசை ஓடி வந்து வழியை மறித்தான். அவன் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை, அதுதான் கொடுமை. நல்ல நாளில் வீட்டுக்காரனுக்கு வருகிற சந்தோஷம்தான் இருந்தது.

"என்னக்கா அதுக்குள்ள கிளம்புறீங்க? நம்ம வீட்டுக்கு வந்துட்டு வெறும் வயித்தோட போறதா? உக்காருங்க, சாப்டுட்டுத்தான் போகணும்."

நான் போட்ட கூரைக்குக் கீழே நின்று அப்படிச் சொன்னான். அவனுக்குப் பின்னால் அம்மா, "சாப்டுட்டுப் போம்மா" என்றாள்.

விருந்தாளிகள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.