முழங்கை போட்ட ஓட்டு

"அக்கா, தூங்கிட்டியா? நான் நம்ம வீட்டை இடிக்கச் சொல்லிட்டேன்."

போர்வைக்குள்ளிருந்து வந்த சின்னவளின் குரலைக் கேட்டதும் அக்கா விளக்கைப் போட்டாள்.

புதுச் சாலை காலி மைதானம் வழியாகப் போவதா, இவர்கள் தெருவை இடித்துக்கொண்டு போவதா என்று நகராட்சி மண்டபத்தில் கருத்துக் கேட்கிறார்கள். இரட்டைக் கட்டில் அகலத்துக்கு ஒரு தொடுதிரை மேசை. அதில் ஊர் வரைபடம். வீட்டுக்கு ஒருவர், விரலால் ஒரு தடவை தொட்டால் போதும். அம்மாவுக்கு வேலை என்பதால் சின்னவள் போயிருந்தாள்.

"மைதானம் மேசையோட அந்தக் கோடியில இருக்குக்கா. எக்கிச் சாய்ஞ்சேன். விரல் படுறதுக்குள்ள முழங்கை நம்ம தெரு மேல பட்டுருச்சு. பச்சையா மின்னி, பதிவாயிடுச்சுன்னு வந்துருச்சு. மாத்துங்கன்னா, 'ஒழுங்கா தொடத் தெரியாதா பாப்பா'ன்னு அந்த அதிகாரி சிரிக்கிறார். அம்மாகிட்ட சொல்லிடாதக்கா."

"அவர் மட்டும் எப்படித் தொடுறாராம்?"

"அவர் அந்தப் பக்கம்தானே நிக்கிறார்! தூரத்துல இருக்கிறதைக் கிட்ட இழுக்க ஒரு பட்டன் இருக்கு. அதுவும் அவர் பக்க ஓரத்துல."

"எட்டாததை எட்ட வைக்கிற பட்டனை எட்டாத இடத்துல வச்சிருக்கானுங்களா? எந்த மகராசன் யோசனைடி அது?" அக்கா எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "ஆமா, நீ மட்டுமா சாய்ஞ்ச?"

சின்னவள் யோசித்தாள். தெருமுனைத் தையல்காரர் சாய்ந்தார். எதிர்வீட்டு அத்தை மேசைமேல் ஏறக்குறையப் படுத்தேவிட்டார், வரிசையே சிரித்தது. அவள் போர்வையை விலக்கி எழுந்தாள்.

"அக்கா... நம்ம தெருவே நம்ம தெருவை இடிக்கச் சொல்லியிருக்கு."

காலையில் மண்டபம் திறந்ததும் இருவரும் போய் நின்றார்கள். பின்னாலேயே தையல்காரரும் அத்தையும்.

"சார், இந்தப் பக்கம் வந்து மைதானத்தைத் தொட்டுக் காட்டுங்க" என்றாள் அக்கா.

"இதென்னம்மா பெரிய வித்தையா?" அதிகாரி வந்து எக்கினார். விரல் பாதித் தூரத்தில் இருக்கும்போதே தொந்தி முந்திக்கொண்டது. தெரு பச்சையாக மின்னியது.

"சாருக்கும் எங்க தெரு மேல ஒரு கண்ணு" என்றார் தையல்காரர்.

அதிகாரி பட்டனை நோக்கிக் கையை நீட்டினார். எட்டவில்லை.

"இப்போ சிரிங்க சார்." சின்னவள் முன்னால் வந்து நின்றாள். "நேத்து சிரிச்சீங்கல்ல?"

அவர் சிரிக்கவில்லை. மேசையைச் சுற்றிப் போய்ப் பட்டனை அமுக்கினார். மைதானம் வழுக்கிக்கொண்டு வந்து அவள் விரலடியில் நின்றது.

"தொடும்மா."

அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"முதல்ல எங்க முழங்கையெல்லாம் போட்டதை அழிங்க சார். அப்புறம் தொடுறோம்."