ரேடார் குன்றில் சொர்ணம்மாளுக்கு ஓர் இடம்

குலசேகரம் பக்கத்து ரேடார் குன்றில் ரேடார் கிடையாது. எதிரி விமானம் ஒன்றைக்கூடக் காணாத சலிப்பில் ராணுவம் அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. பிறகு தேர்தல் பெட்டிகளை அங்கே பூட்டி வைத்தார்கள். கொரோனாக் காலத்தில் நோயாளிகளைப் பூட்டி வைத்தார்கள். சுற்றுலா மையம் வருமென்று ஒருவர் அடிக்கல் நாட்டினார், கல் இருக்கிறது. இப்போது குடிகாரர்கள்தான் தவறாமல் வருகிறார்கள். ‘அத்துமீறினால் சுடப்படும்’ என்ற பழைய பலகையில் சட்டையைக் கழற்றி மாட்டுவார்கள்.

குன்று சொர்ணம்மாள் குடும்பத்து ரப்பர் தோட்டமாக இருந்தது. கணவரை அடக்கம் செய்ததும் அங்கேதான். வேலை முடிந்ததும் திருப்பித் தருவோம் என்று வாக்களித்து ராணுவத்தார் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். அவள் அதை நம்பினாள். அவர்களைப் போன்ற அய்யாவழிச் சமயத்தார் பிணத்தை எரிப்பதில்லை. வடக்கு நோக்கி உட்கார வைத்துப் புதைப்பார்கள்.

“என்னைய அவருக்க பக்கத்துல இருத்தணும் மக்கா” என்று மகன் முருகதாஸிடம் சத்தியம் வாங்கிவிட்டுச் செத்துப்போனாள்.

முருகதாஸ் குன்றுக்குப் பொறுப்பான அதிகாரி ஹரிகுமாரிடம் போனான்.

“அம்மைக்கு ஒரு குழி வெட்டணும் சார். அப்பாக்க பக்கத்துல.”

ஹரிகுமார் நாற்காலியில் நிமிர்ந்தார். நாட்டின் எல்லை அவர் தொப்பையிலிருந்து தொடங்குவதுபோல் இருந்தது. “உங்க உணர்வை மதிக்கிறோம். ஆனா இது தேசப் பாதுகாப்பு.”

“அங்க பூரா பிராந்திக் குப்பியல்லா சார் கிடக்கு?”

“குப்பியும் அரசாங்க நிலத்துலதான் கிடக்கு.”

குடிகாரர்கள் இடித்து வைத்திருந்த மதில் ஓட்டை வழியாக முருகதாஸும் அத்தை மகன் ஐயப்பனும் மண்வெட்டியோடு நுழைந்தார்கள்.

“சுடுவானுவளாம்லே” என்றான் ஐயப்பன்.

“சுடட்டும். குழி ரெடியா இருக்கும்.”

அப்பாவின் குழி பெரிய பாறையின் அடியில் என்று அம்மை அடையாளம் சொல்லியிருந்தாள். முதல் வெட்டிலேயே பொறி பறந்தது. சருகை ஒதுக்கினால் காங்கிரீட். தள்ளிப்போய் வெட்டினாலும் அதுவேதான். ரேடார் நின்ற மேடை. அந்தக் குன்றில் விரிசல் விடாத ஒரே கட்டுமானம்.

“உனக்க அப்பாக்க நெஞ்சு மேலயாலே மெஷின நிப்பாட்டி வச்சிருந்தானுவ?”

முருகதாஸ் மேடையைக் கையால் தடவிவிட்டு இறங்கினான்.

மதிலுக்குத் தெற்கே, சரிவில் அவர்களுக்கு மிச்சமிருந்த துண்டு நிலத்தில் குழி வெட்டினார்கள். நெற்றியில் நாமம் இட்டு, கால்களை மடக்கி, கிழவியை வடக்கு நோக்கி உட்கார வைத்தார்கள். ஐயப்பன் நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்துக்கு நேர் எதிரே மதில். மதிலுக்கு மேலே அந்த மேடை.

“பக்கத்துல இல்லன்னாலும் நேராத்தான் பாத்துட்டு இருக்கா மக்கா.”

ரேடார் போனபின் அந்தக் குன்றைக் கண்காணிக்க ஆள் வந்தது அன்றுதான்.

முகத்தின் மேல் விழவேண்டிய மண்ணை முருகதாஸ் கடைசிவரை கையிலேயே வைத்திருந்தான்.