எந்த நாட்டு வாசி

என் வீட்டுக்காரர் ஷ்ரவண் வாயிலிருந்து வருகிற சொற்களில் எனக்குக் கட்டோடு பிடிக்காத சொல் ஒன்று உண்டு. பாப்போம். ராத்திரிக்குத் தோசையா சப்பாத்தியா என்றாலும் பாப்போம். அமெரிக்காவுக்குத் திரும்பப் போகிறோமா, இங்கேயே இருக்கிறோமா என்றாலும் பாப்போம். இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

கொரோனா சமயத்தில் அங்கே அவருக்கு வேலை போய்க் குற்றாலத்துக்கு வந்தோம். என் மாமனார் குற்றாலநாதன் ஐந்தருவி போகிற ரோட்டில் சின்னதாக ஒரு லாட்ஜ் வைத்திருக்கிறார். மாமியார் காலமாகிவிட்டார். மாமா கீழே இருக்கிறார், மேலே வரிசையாக அறைகள். வந்த அன்றைக்கு நாலாம் நம்பர் சாவியை எடுத்து நீட்டி, "இப்போதைக்கு இதுல இருங்க" என்றார். அந்த இப்போதைக்கு இன்னும் முடிந்தபாடில்லை. கதவில் பித்தளையில் 4 என்று எண். உள்ளே சுவரில் 'ஈரத் துணியைக் கட்டிலில் போடாதீர்கள்' என்று எழுதி ஒட்டியிருக்கிறது. அங்கிருந்து கொண்டுவந்த பெட்டிகளில் இரண்டு இன்னும் பூட்டைத் திறக்காமல் பீரோ மேல் உட்கார்ந்திருக்கின்றன. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு அந்த அறையிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறார் ஷ்ரவண். குடித்தனமா இது? மதில் மேல் பூனைகூட என்றைக்காவது ஒரு பக்கம் குதித்துவிடும்.

வருஷா வருஷம் ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் மாமா மாடியேறி வருவார். வாசலிலேயே நின்றுகொண்டு, "என்னைக்குக் காலி பண்ணுதீங்க?" என்று கேட்பார். ஷ்ரவண் "பாப்போம்ப்பா" என்பார். மாமா தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போய்விடுவார். சீசனில் நாலாம் நம்பருக்கு நல்ல வாடகை கிடைக்கும், ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். மனுஷருக்கு வாடகை மேல்தான் கண் என்று நான் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

பல்லைக் கடிக்கக் கூடாது, தேய்ந்துவிடும். இதை நான் சொன்னால் நம்பலாம், நான் பல் டாக்டர். கல்யாணம் ஆகி அமெரிக்கா போனதும் என் படிப்பு அங்கே செல்லாது என்றார்கள். இத்தனை வருஷம் படித்தவள் அங்கே பாத்திரம் கழுவும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வந்த பிறகும் தென்காசியில் வேறொருவர் கிளினிக்கில் அரை நாள் வேலைதான். சொந்தமாக வைக்கலாம் என்றால், வைத்த மறுமாசம் பெட்டியைத் தூக்கு என்பாரோ என்று பயம். ஒரு தடவை விட்டதே போதும், இன்னொரு தடவை விட எனக்குத் தெம்பு கிடையாது.

இந்த ஆனியில்தான் தென்காசி ஸ்டேஷன் ரோட்டில் முதல் மாடியில் கிளினிக் வைக்க ஒரு இடம் அமைந்தது. கட்டடக்காரர் முகம்மது கனி நல்ல மாதிரி. "இன்னும் ரெண்டு பேரு கேக்காங்கம்மா. வெள்ளிக்கிழமை தொழுகை முடிச்சிட்டுப் பேசுதேன், அதுக்குள்ள ஒரு முடிவச் சொல்லிருங்க" என்றார். நான் ஷ்ரவணிடம் கேட்டேன். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த வாரம் புதன்கிழமைதான் வருமான வரிக் கணக்கு கொடுக்க ஆடிட்டர் வரச் சொல்லியிருந்தார். எப்போதும் ஷ்ரவண் மட்டும் போவார். இந்தத் தடவை நானும் பைக்கில் ஏறி உட்கார்ந்தேன். வழி நெடுக அவரை அரிக்கலாம் என்று திட்டம். சீசன் கூட்டத்தில் கார்கள் அடித்த ஹாரனில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

ஆடிட்டர் தில்லைநாயகத்துக்குப் பெரும்பாலும் அரிசி மில்காரர்களும் லாட்ஜ்காரர்களும்தான் வாடிக்கை. ஷ்ரவணின் காகிதங்களைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, பழைய அமெரிக்கக் கம்பெனி ஷேர் கையில இருக்குல்லா, அதுல வார டிவிடெண்ட இந்தத் தடவ இங்கனயும் காட்டணும்."

"இத்தன வருஷமா காட்டலியே சார்?"

"அப்போ நீங்க ரெண்டுங்கெட்டான்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆடிட்டர் சிரிக்கவில்லை.

"நெசமாத்தாம்மா சொல்லுதேன். வெளிநாட்டுல ரொம்ப காலம் இருந்துட்டு வந்தவங்கள சட்டம் ஒடனே ஊர்க்காரன்னு சேத்துக்கிடாது. இந்தியாவுல வசிக்கிறவர்தான், ஆனா சாதாரணமா வசிக்கிறவர் இல்லன்னு கொஞ்ச வருஷம் வச்சிருக்கும். அதுவரைக்கும் அங்கன வார வருமானத்த இங்கன கேக்க மாட்டாங்க. தம்பிக்கு அது முடிஞ்சிட்டு. இனிமே முழு ஊர்க்காரரு."

"யாரு முடிவு பண்ணுனா?" என்று கேட்டார் ஷ்ரவண்.

"யாரும் பண்ணல. பாஸ்போர்ட்டுல விழுந்த முத்திரைய வச்சு நாளு எண்ணுனா தானா வந்துட்டு."

நான் தலையால் தண்ணீர் குடித்தும் கிடைக்காத பதில், ஒரு ரப்பர் ஸ்டாம்பிடம் இருந்திருக்கிறது! சந்தோஷப்படுவதா எரிச்சல்படுவதா என்று தெரியவில்லை.

"அமெரிக்காவுலயே வரியப் பிடிச்சிக்கிட்டுத்தானே சார் குடுக்காங்க? மறுபடியும் இங்க கட்டணுமா?" என்றேன் நான்.

"ரெண்டு தடவ கட்ட வேண்டாம். புளியறை செக்போஸ்ட்டத் தாண்டிக் கேரளாப் பக்கம் பணம் கட்டுன லாரிக்காரன் இங்கன வந்து ரசீதக் காட்டுதான்னு வச்சிக்கிடுங்க. அந்த அளவுக்கு இங்கன கழிச்சிக்கிடலாம். ஆனா சும்மா கழிக்க மாட்டாங்க. அறுபத்தேழாம் நம்பர் ஃபாரம் போட்டுக் கேக்கணும்."

இதுவரை எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு சொன்னதுதான் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கைக்கு வந்த தொகையை எழுதக் கூடாதாம், பிடிப்பதற்கு முன்னால் உள்ள முழுத் தொகையை எழுத வேண்டுமாம். வராத பணத்துக்கும் வரியா என்றேன். ஆமா, அப்புறம் கழிப்போம்லா என்றார். அமெரிக்காக்காரன் அனுப்பிய காகிதத்தில் வருஷம் ஜனவரியில் தொடங்குகிறது, நமக்கோ ஏப்ரலில். அங்கிருந்து மூன்று மாசத்தைப் பிய்த்து இங்கே ஒட்டி, இங்கிருந்து மூன்று மாசத்தை வெட்டி அடுத்ததில் சேர்க்க வேண்டுமாம். டாலருக்கு எந்த நாள் விலை? டிவிடெண்ட் வந்த நாள் விலை கிடையாது, அதற்கு முந்தின மாசக் கடைசி நாளின் பாங்கு விலை. நடுவில் ஆடிட்டருக்கே சந்தேகம் வந்து சென்னையில் யாருக்கோ போன் போட்டார். அந்தப் பக்கம் சொன்ன பதிலில் இன்னும் குழம்பி, "நான் அப்புறம் கூப்பிடுதேன்" என்று வைத்துவிட்டார்.

பிறகு ஒரு காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார். "இதென்ன, நூத்துக்கு முப்பது பிடிச்சிருக்கான்? நமக்கும் அவங்களுக்கும் ஒப்பந்தம் இருக்கு, இருபத்தஞ்சுதான் பிடிக்கணும். மேல பிடிச்ச அஞ்ச இங்கன கழிக்க முடியாதே. ஷேர் வச்சிருக்க புரோக்கர் கம்பெனிக்கு ஒரு ஃபாரம் குடுத்திருப்பீங்கள்லா, அதக் காட்டுங்க."

ஷ்ரவண் போனில் தேடி எடுத்துக் காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். பெயர், பிறந்த தேதி எல்லாம் ஒழுங்காக இருந்தன. முகவரியில் லாட்ஜ் பெயரையும் அறை எண் நாலு என்பதையும் போட்டிருந்தார். ஒப்பந்தச் சலுகைக்காக எந்த நாட்டு வாசி என்று கேட்கிற கட்டம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

"இங்கன இந்தியான்னு போட்டிருந்தா அஞ்சு மிச்சம். இத ஏன் தம்பி விட்டீங்க?"

ஷ்ரவண் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "பாப்போம்னு விட்டேன்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! ஆடிட்டர் இருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை.

"என்னத்தப் பாக்கப் போறீங்க? இந்தியான்னு எழுதக் கை வரல, ஏன்னா மனசு பூரா அங்க. அத மூஞ்சிக்கு நேரா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? வெள்ளிக்கிழமை நான் கனி அண்ணாச்சிக்கு என்ன பதில் சொல்ல? எனக்குக் கோட்டி பிடிக்கணும், அதானே ஒங்களுக்கு வேணும்?"

ஆடிட்டர் காகிதத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஷ்ரவண் போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தார்.

"அங்க எங்க போறது சஹானா? விசா முடிஞ்சே வருஷக்கணக்கா ஆச்சு. எனக்கு அங்க போகணும்னு ஆசையும் கெடையாது."

"அப்போ எழுத என்ன கேடு?"

"எங்கப்பா வருஷா வருஷம் மேல வந்து என்னைக்குக் காலி பண்ணுதீங்கன்னு கேக்காரு. இங்கயே இருலேன்னு ஒரு தடவ சொல்லல. வேல போயி வந்து ஒட்டிக்கிட்டான்னு நெனைக்காரு போல. காலி பண்ணச் சொல்லுத எடத்துல உக்காந்துக்கிட்டு நான் எந்த ஊர் வாசின்னு எழுத?"

ஆடிட்டர் எழுந்து வாசலுக்குப் போய், யாரும் கேட்காத டீக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினோம். திரும்பி வரும்போது நல்ல சாரல். நான் அவரை அரிக்கவில்லை. என் கோபம் இப்போது ஆளை மாற்றிக்கொண்டு மாமாவிடம் போயிருந்தது. பெற்ற பிள்ளையிடம் வாடகைக் கணக்கு பார்க்கிற மனுஷர்! பைக் நிற்பதற்குள் குதித்து இறங்கி உள்ளே போனேன். மாமா வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒங்களுக்கு நாலாம் நம்பர்தானே வேணும்? இன்னைக்கே காலி பண்ணுதோம். சீசனுக்கு நல்லா வாடகைக்கு விடுங்க."

அவர் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது.

"அங்கருந்து கூப்பிட்டுட்டாங்களா? டிக்கெட் போட்டாச்சா?"

"எங்கருந்து?"

"அமெரிக்காலருந்து."

"யாரு போறா அமெரிக்காவுக்கு? காலி பண்ணுங்கன்னு வருஷா வருஷம் கேட்டது நீங்கதானே!"

"நான் எங்கம்மா பண்ணச் சொன்னேன்? என்னைக்குப் பண்ணுதீங்கன்னுதானே கேட்டேன்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

மாமா என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பார்த்தார். ஷ்ரவண் சொட்டச் சொட்ட நனைந்து ஹெல்மெட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"லாட்ஜ்காரன் வேற எப்படிம்மா கேப்பான்? வாய் பழகுனது அப்படி. காலி பண்ணலப்பான்னு ஒரு வார்த்த சொல்லிருவான், கேட்டுட்டு நிம்மதியா எறங்கலாம்னுதான் முட்டு வலியோட மேல ஏறுவேன். அவன் பாப்போம்பான். சரி, போகப் போறான், நம்மகிட்டச் சொல்லச் சங்கடப்படுதான்னு வந்துருவேன். போறவனப் பிடிச்சி வைக்க நான் யாரு? நாலு வருஷத்துல ஒரு சீசனுக்காவது ஒங்கள வேற ரூமுக்கு மாத்திட்டு அந்த ரூம நான் யாருக்கும் குடுத்தேனா?"

கொடுக்கவில்லை. ஒரு தடவைகூட ஏன் கொடுக்கவில்லை என்று பல் டாக்டருக்குப் படித்த எனக்குத் தோன்றவில்லை. ஒருத்தர் கேட்பதே 'இருக்கிறோம்' என்ற பதிலுக்காக, இன்னொருத்தர் பதிலே சொல்லாதது 'போ' என்றுவிடுவாரோ என்ற பயத்தில். நடுவில் நான் ஒரு பைத்தியக்காரி, இரண்டு பேர் மேலும் கோபப்பட்டுக்கொண்டு.

"ஏலே, நனைஞ்சிக்கிட்டே நிக்காத, உள்ள வா" என்றார் மாமா. அப்புறம் நாங்கள் இருவரும் எதிர்பார்க்காத மாதிரி, அந்தக் கேள்வியை மறுபடியும் கேட்டார். "என்னைக்குக் காலி பண்ணுதீங்க?"

ஷ்ரவண் ஹெல்மெட்டைக் கழற்றினார். "காலி பண்ணலப்பா."

மாமா மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடியேறினார். நாங்கள் பின்னாலேயே போனோம். நாலாம் நம்பர் கதவு முன்னால் நின்று பித்தளை எண்ணைக் கழற்ற ஆரம்பித்தார். சாரலில் நனைந்து நனைந்து திருகாணி துருப்பிடித்திருந்தது, லேசில் வரவில்லை. ஷ்ரவண் வாங்கித் திருகினார். கடைசியில் பெயர்ந்து வந்தபோது, கதவில் அந்த இடம் மட்டும் பழைய பெயிண்டின் பச்சையாக இருந்தது. எனக்கு அழுகையாக வந்தது. அழுதுகொண்டே பீரோ மேலிருந்த பெட்டிகளை இறக்கச் சொல்லி அதட்டினேன்.

அன்றைக்குச் சாயந்தரமே புரோக்கர் கம்பெனியின் ஃபாரத்தை ஷ்ரவண் புதிதாகப் போட்டார். வெறுமையாக விட்டிருந்த கட்டத்தில் இந்தியா என்று அடித்துவிட்டு, சரியா என்பது மாதிரி என்னைப் பார்த்தார். முகவரியில் அறை எண் இருந்த இடத்தை அழித்து, மேல்மாடி என்று போட்டார். அதிகமாகப் பிடித்த அஞ்சு போனது போனதுதான் என்று ஆடிட்டர் போனில் வருத்தப்பட்டார். "சவத்த விடுங்க சார்" என்றேன். அந்த ஃபாரம் அறுபத்தேழில் எதை எதிலிருந்து கழித்தார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கனி அண்ணாச்சியை வெள்ளிக்கிழமை வரை காக்க வைக்கவும் இல்லை, அப்போதே கூப்பிட்டு இடம் எனக்குத்தான் என்று சொல்லிவிட்டேன்.

இருட்டுகிற நேரத்துக்கு ராஜபாளையத்திலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து இறங்கியது. அந்த அம்மாள் மேஜைக்கு வந்து, "அண்ணாச்சி, கொரோனாவுக்கு முன்னால வந்தப்ப நாலாம் நம்பர்ல தங்கினோம். மலை தெரியுமே, அந்த ரூம் இருக்கா?" என்று கேட்டார்.

நான் படியில் நின்றுகொண்டிருந்தேன். மாமா சாவி மாட்டுகிற பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது ரூம் இல்லம்மா" என்றார். "எம் மவன் வீடு."