ஜரிகை கறுத்த பழி

பரசுராமன் தலையில் கை வைத்துக்கொண்டு தறிக்குழி ஓரமாக உட்கார்ந்துவிட்டான். வெள்ளிக்கிழமை மகள் சுகாசினிக்குக் கல்யாணம். தறியில் இருந்த முகூர்த்தப் புடவையின் முந்தியில் ஒரு சாண் அகலத்துக்கு ஜரிகை கறுத்துக் கிடந்தது. நெசவாளி கோதண்டபாணியோ பழியைத் தூக்கி அவன் மேலேயே போட்டுவிட்டார்.

"போன ஞாயித்துக்கிழமை வந்து தடவிப் பாத்தியேப்பா, அதான். அணு உலைக் கழிவுல கை வெக்கிறவன் நீ. கதிரு கையில ஒட்டிக்கினு வந்திருக்குது."

தொட்டதால் கெட்டது என்கிற பேச்சு பரசுராமனுக்குப் புதிதில்லை. அவன் அப்பன் காலத்திலிருந்து கேட்டு வருவதுதான். இப்போது அதற்கு விஞ்ஞானச் சட்டை மாட்டிவிட்டார்கள், அவ்வளவே.

"அண்ணா, கழிவுன்னா எல்லாம் ஒண்ணு இல்ல. எவ்ளோ வீரியம், எத்தினி காலம் அடங்காம இருக்கும்னு பாத்துத்தான் பிரிப்பாங்கோ. நான் பாக்குறது கீழ்மட்டம். உள்ள வேலை செஞ்சவங்க போட்ட கையுறை, தொடச்ச துணி. அமுக்கி, பீப்பாயில அடைச்சுப் புதைக்கிறது."

"கம்மி விஷம்னாலும் விஷம்தானே?"

"இருங்கண்ணா. நடுமட்டம்னு ஒண்ணு இருக்குது. உலைத் தண்ணிய வடிகட்டின சரக்கு மாதிரி. சிமெண்டுல கலந்து இறுக்கிடுவாங்கோ. கனமா மறைப்பு இல்லாம கிட்ட போகக் கூடாது. மேல்மட்டம், எரிஞ்ச எரிபொருள்லேர்ந்து பிரிச்சு எடுக்கிறது. தானா சூடு கிளப்பிக்கினே இருக்கும். கண்ணாடியோட உருக்கி, எஃகு டப்பாவுல மூடி, வருஷக்கணக்கா ஆற வெப்பாங்கோ. அந்தப் பக்கம் என்னை எட்டிப் பாக்கக்கூட விடமாட்டாங்கோ."

கோதண்டபாணியின் மனைவி பெரியநாயகி ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றுவதை நிறுத்தினாள். "மோசமானதுக்குக் கண்ணாடி, எஃகு டப்பா. கம்மியானதுக்கு உன் கை. அப்டித்தானே?"

பரசுராமன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

"இத்தினி வகை சொல்றியே, உன் கையில ஒண்ணும் ஒட்டலன்னு எப்டி சொல்ற?" கோதண்டபாணி விடுவதாக இல்லை.

பரசுராமனுக்குப் பொறுமை தீர்ந்தது. "தெனம் வெளிய வர்றப்போ கதிர் பாக்குற மிஷின்ல ஏறி நிக்கிறேன். அது கத்துச்சுன்னா விடமாட்டாங்கோ. சரி, பேச்சு வேணாம். கறுத்ததுல ஒரு துண்டு குடுங்க, அங்க மீட்டர்ல பாக்கச் சொல்றேன். கதிர் ஒண்ணும் இல்லன்னா அது சாதாரணக் குப்பை மாதிரிதான். அப்புறம் அதே துண்டை இங்க ஜரிகை சோதிக்கிற எடத்துல குடுக்குறேன். வெள்ளி எவ்ளோ, செம்பு எவ்ளோன்னு அவங்க சொல்லட்டும். போலின்னா செம்புதான் கறுத்துப் போயிருக்கும்."

கோதண்டபாணி தறியில் ஓடிய பாவு நூலைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"அசல் ஜரிகைன்னுதானே இவன்கிட்ட சொன்னீங்கோ?" என்றாள் பெரியநாயகி.

"கடைக்காரன் அசலுன்னுதான் குடுத்தான்."

"அப்ப கடைக்காரன் கையிலயும் கதிராண்ணா?" என்றான் பரசுராமன்.

கோதண்டபாணி தறிக்குழியில் கால் வைத்து இறங்கி, கறுத்த இழைகளை ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்தார். "வியாழக்கிழமை வந்து எடுத்துக்கினு போப்பா," என்றார், முகம் நிமிராமலே.

"வியாழக்கிழமை வேற வரணுமா? இங்கியே உக்காந்துக்கினு இருக்கேன்."

பெரியநாயகி பீரோவைத் திறந்து அசல் ஜரிகையை எடுத்துவந்தாள்.