பனியில் மறைந்த போன் நம்பர்

நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கும் கிங்ஸ்டன், மூன்று மாதம் ஆன்லைனில் படித்துவிட்டு முதன்முதலாகச் செய்த வெப்சைட் அது. ரூபி தன் வீட்டு மாடியில் நடத்தும் மூன்று அறை ஹோம்ஸ்டேவுக்கானது. திறந்தால் காபித் தோட்டத்துப் பனி திரை முழுக்க நகரும். எழுத்துகள் பறந்து வந்து உட்காரும். பார்க்கப் பார்க்க அவருக்கே உச்சி குளிர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரூபியிடம் தங்கலாமென்று வந்த சேலத்துக் குடும்பம் ஒன்று வழி தவறிக் கரடியூர் வரை போய்விட்டது. நம்பரைத் தேடி வெப்சைட்டைத் திறந்தால் பக்கம் வரவேயில்லை. ஊர் திரும்பிய பிறகுதான் ரூபிக்குப் போன் செய்து சொன்னார்கள்.

"அங்க சிக்னல் கெடைக்காது அம்மிணி. நான் என்ன பண்றது?" என்றார் கிங்ஸ்டன்.

ரூபி வாதாடவில்லை. "ஏனுங்ணா, சின்னசாமியண்ணன் கடை வரைக்கும் வர்றீங்களா? ஆனா அங்க நீங்க வாயத் தொறக்கக் கூடாதுங்."

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருந்த டீக்கடையில், வெப்சைட்டைத் திறந்து சின்னசாமியிடம் போனை நீட்டினாள். "ரூம் வேணும்னா எந்த நம்பருக்குக் கூப்புடோணும்னு இதுல பாத்துச் சொல்லுங்ணா."

சின்னசாமி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பனி மெதுவாக வந்தது. படத்தைத் தட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. மேலும் கீழும் தள்ளினார். நம்பர் கடைசியில், வெள்ளைப் பனிமேல் வெள்ளை எழுத்தில் இருந்தது. விரல் இருமுறை அதைத் தாண்டிப் போனதைக் கிங்ஸ்டன் பார்த்தார். 'அங்கேதான், அங்கேதான்' என்று நாக்கு துடித்தது. ரூபி கண்ணாலேயே அடக்கினாள்.

"எனக்கு இதெல்லாம் வெளங்காது சாமி," என்று சின்னசாமி போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"உங்க மேல தப்பே இல்லீங்ணா. நாங்கதான் ஒளிச்சு வெச்சுட்டோம்."

பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேரிடமும் கேட்டாள். அவர்களுக்கும் அகப்படவில்லை. கிங்ஸ்டனுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் கம்ப்யூட்டர் பாடம் எதுவும் படிக்காத இவளுக்கு, சொல்லிக் கொடுக்காமல் சும்மா நின்று பார்க்கவேண்டும் என்று எப்படித் தோன்றியது?

வீட்டுக்கு வந்ததும் கேட்டேவிட்டார்.

"தெனமும் போன் எடுக்கறனுங்களே! நாம சும்மா கேட்டுட்டு இருந்தா, என்ன வேணும்னு அவுங்களே சொல்லிருவாங்க. வாடகை எவ்வளவு, கார் நிறுத்தலாமா, சோறு கெடைக்குமா, எப்படி வர்றது, இதத்தான் எல்லாரும் கேக்கறாங்க. பனி பறக்குதான்னு ஒருத்தரும் கேக்கலைங்ணா."

கிங்ஸ்டன் வாய்விட்டுச் சிரித்தார்.

அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து மாற்றினார். பறக்கும் எழுத்துகள் போயின. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. உச்சியிலேயே நம்பர், தட்டினால் அழைப்பு போகும். 'எங்கள் உலகம்' என்றிருந்த பட்டன் 'அறைகளும் வாடகையும்' ஆனது. அதற்குக் கீழேயே, எங்கே திரும்ப வேண்டும் என்பதோடு வரும் வழி. பனிப் படத்தை மட்டும் விட மனம் வரவில்லை. "நொம்ப அழகாத்தான் இருக்குதுங்ணா. ஒண்ணே ஒண்ணு இருக்கட்டும், சின்னதா," என்று ரூபியே விட்டுக்கொடுத்தாள். இப்போது பக்கம், சிக்னல் ஒற்றைக் கோட்டில் நின்றாலும் திறந்தது.

அடுத்த சனிக்கிழமை மூன்று அறைகளும் நிரம்பின. வந்தவர்களில் ஒருவர்கூட வழி கேட்டு அழைக்கவில்லை.

மறு மாதம் செம்மநத்தத்தில் மிளகு விற்கும் அமுதவல்லி, தனக்கும் ஒரு வெப்சைட் வேண்டுமென்று கிங்ஸ்டனைத் தேடி வந்தார். கிங்ஸ்டன் லேப்டாப்பைத் திறக்கவில்லை.

"மொதல்ல ரூபிகிட்ட ஒரு வார்த்த பேசிருங்க," என்றார். "எனக்குச் செய்யத்தான் தெரியுமுங்க. என்ன செய்யோணும்னு அவுங்களுக்குத்தான் தெரியும்."