எந்தக் கை

பெரியவளுக்கு அந்தப் பயிற்சி வகுப்புக்குப் போவதில் துளியும் இஷ்டமில்லை. தங்கைதான் பிடிவாதமாக இரண்டு பேர் பெயரையும் பதிந்துவிட்டாள். அப்பா போனதிலிருந்து நீ பேயறைந்த மாதிரி இருக்கிறாய், ஒரு மாறுதலாக இருக்கும் என்று போனில் சொன்னாள். பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா கை கால் விழுந்து நாலு வருஷம் படுக்கையில் கிடந்தபோது ஒரு நடை வந்து எட்டிப் பார்க்காதவள். போனில் அவர் முகத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, 'ஆடற வேலை, ஊர் ஊரா சுத்தறேன்' என்று வைத்துவிடுவாள். அடக்கத்துக்கு வந்தாள், மறுநாளே கிளம்பிவிட்டாள். இப்போது அக்காவுக்கு மாறுதல் தேடுகிறாளாம், மகராசி!

ஆனாலும் பெரியவள், வேலை பார்க்கும் மருந்துக்கடையில் லீவு சொல்லிவிட்டு வந்தாள். எல்லாம் ஒரு நப்பாசைதான். 'நான் வந்திருக்கணும் அக்கா' என்று தங்கை தானாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா? அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

வகுப்பு ஒரு பழைய கிடங்கில் நடந்தது. தரை சில்லென்றிருந்தது. சொல்லிக்கொடுத்த அம்மாளுக்கு மொட்டைத்தலை. புட்டோ என்ற இந்த நடனம் ஜப்பானில் பிறந்தது, இதில் அழகு கிழகு எல்லாம் கிடையாது, வயதான உடம்பு, நோய்ப்பட்ட உடம்பு, கோணின உடம்பு எல்லாமே ஆடலாம் என்று அவர் விளக்கினார். எல்லாரும் முகத்தில் வெள்ளையை அப்பிக்கொண்டார்கள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு அங்குலம் அங்குலமாக நடந்து சேரவே காலைப்பொழுது முழுக்க ஓடிவிட்டது. புறங்கையில் ஒரு பூச்சி ஊர்வதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார் மொட்டையம்மாள். மற்றவர்கள் கண்ணை மூடி நெளிந்தார்கள். பெரியவள் படாரென்று அதை அடித்துக் கொன்றுவிட்டாள்.

மறுநாள், வீட்டில் நீங்கள் மிகப் பக்கத்தில் பார்த்த ஒரு உடம்பை இங்கே கொண்டுவாருங்கள் என்றார். தங்கை முந்திக்கொண்டு போய்த் தரையில் படுத்தாள். வாயைக் கோணினாள். வலது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது, விரல்கள் சுருண்டன. எழப் பார்த்தாள், சரிந்தாள், மறுபடியும் எழப் பார்த்தாள். யாரோ விசும்பினார்கள். இது யார் என்று மொட்டையம்மாள் கேட்டதும், தங்கை கிடந்தபடியே "எங்கப்பா" என்றாள். நாளை சாயங்காலம் ஆட்கள் பார்க்க வரும்போது இதுதான் கடைசி ஆட்டம் என்று அவர் அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

பெரியவள் அந்தக் கையையே பார்த்தாள். அப்பாவுக்கு விளங்காமல் போனது இடது கை. வலது கை கடைசிவரை கல்லு மாதிரி இருந்தது. அந்தக் கையால்தான் சாப்பாட்டுத் தட்டைத் தட்டிவிடுவார், அவள் முடியைப் பிடித்து இழுப்பார், சில நாள் கன்னத்தைத் தடவிக்கொடுப்பார். பாவி, அந்தக் கையை அல்லவா முடக்கிப் போட்டுவிட்டாள்!

இந்த உடம்புக்குப் பக்கத்தில் வீட்டில் யாராவது இருந்திருப்பார்களே, யார் வருகிறீர்கள் என்று மொட்டையம்மாள் கேட்டார். பெரியவள் போனாள். மண்டியிட்டு ஒரு கையைக் கழுத்துக்கு அடியிலும் இன்னொன்றை முதுகுக்கு அடியிலும் கொடுத்தாள். அவள் யோசிக்கவே இல்லை, கைகள் தாமாகப் போயின. ஆகா, இதுதான் நடனம் என்று மொட்டையம்மாள் முணுமுணுப்பது கேட்டது. தங்கை கண்ணை மூடிக்கொண்டு, முழு பாரத்தையும் அக்கா மேல் போட்டு, சுகமாகச் சாய்ந்தாள். பெரியவளின் இடுப்பு பழைய இடத்திலேயே சுருக்கென்றது.

அவள் கைகளை உருவிக்கொண்டாள். தங்கையின் தலை தரையில் ணங்கென்று இடித்தது.

"எந்திரிடி. அப்பாவால முடியல. உனக்கென்ன கேடு?"

அந்தக் கோபத்தை வாயால் பேசாமல் உடம்பில் வையுங்கள் என்றார் மொட்டையம்மாள். இது எங்கள் வீட்டு விஷயம், நீங்கள் சும்மா இருங்கள் என்று பெரியவள் ஒரே போடாகப் போட்டாள். தங்கையின் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள்.

"இது எந்தக் கை? அவருக்கு வராம போனது இடது கைடி."

தங்கை தலையைத் தேய்த்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். வெள்ளை பூசிய முகம் கண்ணீரில் கோடு கோடாகக் கரைந்திருந்தது. "எனக்கு எப்படித் தெரியும்? நீ ஒரு தடவையாவது சொன்னியா?"

"நீ வந்து பாத்திருக்கலாம்."

பெரியவள் காத்திருந்தாள். இப்போதாவது சொல்லிவிடு, இந்த நிமிஷம் சொன்னால்கூட எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன் என்று மனசு அடித்துக்கொண்டது. தங்கை தன் கைகளை மாறி மாறிப் பார்த்தாள். வலது கையைக் கீழே தொங்கவிட்டாள். இடது கையை மெல்ல மடக்கி, நெஞ்சோடு ஒட்டவைத்து, விரல்களைச் சுருட்டினாள்.

"இப்படியா அக்கா?"

நாளைக்குச் சரியாகச் செய்ய வேண்டுமே, அந்தக் கவலை அவளுக்கு. பெரியவள் அந்தக் கையைப் பார்த்தாள். அச்சு அசல் அப்பாவின் கை. கட்டை விரல்கூட உள்ளே மடங்கியிருந்தது.

"ஆமா, இப்படித்தான். நல்லா ஆடு" என்றாள்.

முகத்தைக்கூடக் கழுவாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். பின்னால் தங்கை அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பெரியவள் திரும்பிப் பார்க்கவில்லை.