எங்க போச்சு, மாப்பிள்ளை?

விமான நிலையத்தில் காணாமல் போன பெட்டிகளுக்குப் பதில் சொல்லும் மேசை அவனுடையது. "என் பெட்டி எங்க போச்சு?" என்று நாள் முழுக்க ஆள் மாற்றி ஆள் வந்து கேட்பார்கள். எங்கே போயிற்று என்று அவனுக்கு மட்டும் என்ன தெரியும்? "அடுத்த விமானத்துல வந்துடும் சார், கவலைப்படாதீங்க" என்பான். பாதிப் பெட்டிகள் வரவும் செய்யும். வராத பெட்டிக்காரர்கள் மறுநாள் வந்து அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். அதையும் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் சம்பளம்.

இப்படி நொந்து நூலாகி வீட்டுக்கு வந்தால், கோல்ஃப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலிலேயே மாமனார் நிற்பார்.

மாமா வாழ்நாள் முழுக்க நிலம் அளந்தவர். ஓய்வு பெற்ற கையோடு கண்ணும் ஓய்வு கேட்டது. காலடியில் இருக்கும் பந்து தெரியும், கொஞ்ச தூரம் தாண்டினால் எல்லாம் புகை. மருத்துவர் கையை விரித்துவிட்டார். கார் சாவியை மகள் வாங்கி வைத்துக்கொண்டாள். செய்தித்தாள் போயிற்று, சதுரங்கம் போயிற்று, மிச்சம் இருந்தது கோல்ஃப் ஒன்றுதான். அதற்கும் பந்து போன திசையைச் சொல்ல ஒரு ஜோடிக் கண் வேண்டுமே! வீட்டில் கண்ணும் காரும் சேர்ந்தாற்போல் இருந்தவன் மாப்பிள்ளை ஒருவன்தான்.

ஊர் ஓரத்தில் ஒரு பயிற்சி மைதானம். வரிசையாகப் பச்சை விரிப்புகள், பிளாஸ்டிக் கூடைகளில் பந்துகள், எதிரே மஞ்சள் கொடிகள் நட்ட புல்வெளி, மூன்று பக்கமும் உயரமான வலை. மாமா பந்தை வைப்பார். கைப்பேசியில் கேட்டு மனப்பாடம் செய்த பாடத்தைத் தனக்குத்தானே முணுமுணுப்பார். "தலை ஆடக்கூடாது. இடது கை மடங்கக்கூடாது. முதல்ல இடுப்பு, அப்புறம்தான் தோள்." வீசுவார். தலை ஆடவே ஆடாது. நிமிர்ந்து பார்த்தால்தான் என்ன தெரியப்போகிறது? பந்து பறந்ததும் பக்கத்தில் திரும்புவார்.

"எங்க போச்சு, மாப்பிள்ளை?"

ஆரம்பத்தில் உள்ளதை உள்ளபடிதான் சொன்னான். "வலது பக்கம் மாமா." விட்டாரா மனுஷர்?

"கிளம்பும்போதே வலதா, இல்ல போகப் போக வளைஞ்சுதா?"

"வளைஞ்ச மாதிரிதான் இருந்தது."

"மாதிரின்னா? எந்தக் கொடிகிட்ட வளைஞ்சது?"

ஒவ்வொரு பந்துக்கும் ஒரு விசாரணைக் கமிஷன். "பயிற்சின்னா அடிக்கிறது இல்ல மாப்பிள்ளை, அடிச்சது எங்க போச்சுன்னு தெரிஞ்சு அடுத்ததைத் திருத்துறது" என்பார். நியாயமான பேச்சுதான். ஆனால் கால் கடுக்க நிற்பவனுக்கு நியாயம் எங்கே ஏறும்? ஒருநாள் பெட்டி தொலைத்த ஒரு குடும்பமே சேர்ந்து அவனைக் காய்ச்சி எடுத்திருந்தது. அன்று சாயங்காலம் பந்து வழக்கம்போல வலது பக்க வலையில் போய் மோதியதை அவன் பார்த்தான். வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"நேரா போச்சு மாமா."

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு கேள்விகூட இல்லை. அடடா, இவ்வளவு சுலபமா என்று இருந்தது அவனுக்கு.

அன்றிலிருந்து பந்தெல்லாம் நேராகத்தான் போயிற்று. சந்தேகம் வரக்கூடாதே என்று நடுநடுவே "இது கொஞ்சம் இடது மாமா" என்றும் ஒப்புக்குச் சொல்லிவைப்பான். மாமா தலையாட்டிவிட்டுக் கம்பைப் பிடித்த பிடியைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வார். அடுத்த பந்து முன்னைவிட அதிகமாக வலதில் பாயும். அவன் அதைக் கவனித்தானா என்றால், கவனித்தான். கவனித்துவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

விஷயம் இப்படியே ஓடியிருக்கும். திடீரென்று மாமாவின் பழைய அலுவலக நண்பர்களிடமிருந்து அழைப்பு வந்தது. சனிக்கிழமை நிஜ மைதானத்தில் ஆட்டம். கண் போன பிறகு அவரை யாரும் கூப்பிட்டதில்லை. "ரொம்ப முன்னேறிட்டேன்னு நான்தான் சொன்னேன்" என்றார் மாமா, கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு.

மனைவியிடம் உண்மையைக் கொட்டினான். அவள் துணி மடிப்பதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள்.

"ஏங்க, அலுப்பா இருந்தா வரலன்னு சொல்லியிருக்கலாமே? ஆபீஸ்ல சொல்ற பொய்யை வீட்டுக்கும் கொண்டு வரணுமா?"

"இப்ப என்ன பண்றது?"

"சனிக்கிழமைக்கு முன்னாடி சொல்லிடுங்க. அத்தனை பேர் முன்னாடி அப்பா தலைகுனியக்கூடாது."

சொல்லத்தான் போனான். மாமா கூடத்தில் உட்கார்ந்து ஈரத்துணியால் ஒவ்வொரு கம்பையும் துடைத்துக்கொண்டிருந்தார். "உங்களாலதான் மாப்பிள்ளை" என்றார், இவன் வாயைத் திறப்பதற்குள். அவ்வளவுதான், வந்த வழியே திரும்பிவிட்டான்.

சனிக்கிழமை வெயில் இதமாக இருந்தது. நண்பர்கள் கைகுலுக்கினார்கள், தங்கள் காலத்து மேலதிகாரியைக் கிண்டலடித்தார்கள். அவர்களில் தொப்பி போட்டவர் ஒருவர், "நீங்கதான் முதல் அடி" என்று மாமாவுக்கு வழிவிட்டார். மாமா நின்ற நிலை, தோள், வீச்சு எல்லாம் பார்க்க அவ்வளவு அழகு. பந்து கிளம்பியது, வலதுபுறம் வளைந்தது, வேலியைத் தாண்டிச் சாலைப் பக்கம் மறைந்தது.

மாமா திரும்பினார்.

"எங்க போச்சு, மாப்பிள்ளை?"

தொப்பிக்காரர் சட்டென்று தன் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து, நடுப் புல்வெளியைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டினார். அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிடலாம், நேராகப் போயிற்று என்று சொல்லு என்று அர்த்தம். மற்றவர்களும் தலையாட்டினார்கள். எல்லார் முகத்திலும் அதே சிரிப்பு. நாள் முழுக்க மேசைக்குப் பின்னால் அவன் மாட்டிக்கொண்டிருக்கும் சிரிப்பு. அதை எதிர்ப்பக்கமிருந்து இன்றுதான் பார்த்தான்.

"வலது பக்கம் மாமா. வேலிக்கு வெளிய போயிடுச்சு."

மாமா கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டார். "இன்னிக்கு மட்டுமா?"

"இல்ல மாமா."

"அப்போ பயிற்சி மைதானத்துல?"

"அங்கயும் வலதுதான் மாமா."

மாமா கம்பைப் பைக்குள் வைத்தார். "நீங்க ஆடுங்கப்பா, நான் கூட நடந்து வரேன்" என்றார் நண்பர்களிடம். ஆட்டம் முடியும்வரை அவர்களோடு நடந்தார், மற்றவர்களின் நல்ல அடிக்கெல்லாம் கைகூடத் தட்டினார். அவனுக்குத்தான் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

திரும்பும்போது காரில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இடதுன்னு சொன்னீங்களே, அது?"

"அதுவும் பொய்தான் மாமா."

"அதுக்காகப் பிடியை மாத்தினேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். "சரியா இருந்ததையும் மாத்திட்டேன்."

திங்கட்கிழமை அவன் வேலை முடிந்து வந்தபோது வாசலில் யாரும் இல்லை. இத்தனை மாதமாக ஏங்கிய ஓய்வு கிடைத்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்தான், இருப்புக் கொள்ளவில்லை. எழுந்துபோய்ப் பையை எடுத்துக் காரில் வைத்துவிட்டு மாமாவின் அறை வாசலில் நின்றான்.

"கிளம்பலாமா மாமா?"

மாமா வந்தார். விரிப்பில் நின்றார். வீசினார். திரும்பவில்லை, கேட்கவில்லை. அடுத்த பந்தைத் தானே தடவி எடுத்து வைத்துக்கொண்டார்.

"வலது மாமா" என்றான் அவனாகவே. "நேரா கிளம்பி, இரண்டாவது கொடிகிட்ட வளைஞ்சது."

மாமா பிடியைத் திருத்தினார். வீசினார்.

"இதுவும் வலதுதான், ஆனா முன்ன அளவுக்கு இல்ல."

இப்படியே கூடை காலியாகிக்கொண்டு வந்தது. அவனுக்குக் கால் கடுத்தது, கண் எரிந்தது. ஆனாலும் ஒரு பந்தையும் விடாமல் பார்த்துச் சொன்னான். கூடையின் அடி தெரியும் நேரத்தில் ஓர் அடி விழுந்தது. சத்தமே வேறு. பந்து கோடு போட்டதுபோலப் பறந்து நடுக் கொடிக்குப் பக்கத்தில் இறங்கியது.

"நேரா போச்சு மாமா!" என்று கத்திவிட்டான்.

மாமாவின் முகம் மலரவில்லை.

"நிஜமாவே நேரா போச்சு மாமா. இந்தப் பிடியை மாத்தாதீங்க!"

"சரி மாப்பிள்ளை, சரி" என்றார் மாமா, பெட்டி வராது என்று தெரிந்துகொண்ட பயணி பேசுவதுபோல. பிறகு பிடியைத் தளர்த்தித் திருப்பிக்கொண்டு வீசினார்.

அவன் பந்தைப் பார்த்தான். சொல்லாமல் இருக்க முடியுமா?

"வலது மாமா."

மாமா தலையாட்டினார். இதை உடனே நம்பினார்.